ஆடும் பல்லுக்குக் கீழே என்ன நடக்கிறது?

(காட்சி: கண்ணாடி முன்னால் ஒரு குழந்தை, கீழ் முன்பல்லை நாக்கால் ஆட்டிப் பார்க்கிறது)

வணக்கம். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று வாயை மூடிக்கொண்டாள். என்ன கேட்டும் பதில் இல்லை. ராத்திரி தூங்கப் போகும்போதுதான் மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, என் பல்லு உடைஞ்சிருச்சு. நான் ஒண்ணுமே பண்ணல."

நாள் முழுக்க அவளை அரித்தது வலி இல்லை. தான் ஏதோ தப்பு செய்து பல்லைக் கெடுத்துக்கொண்டோம் என்ற பயம். பால் பல் ஆடி விழுவது இயல்புதான் என்று நான் அவளிடம் முன்பே சொல்லியிருக்கலாமே என்று எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. உங்கள் குழந்தைக்கு ஐந்து வயது ஆகிவிட்டதா? இன்றைக்கே பேசிவிடுங்கள்.

(காட்சி: தாடையின் படம். பால் பல்லின் வேர் குட்டையாகிக்கொண்டே வருகிறது)

பால் பற்கள் மொத்தம் 20. அவற்றுக்கு அடியில், தாடை எலும்புக்குள், அடுத்த பற்கள் வளர்ந்துகொண்டிருக்கின்றன. புதுப் பல் மேலே வர வர, பால் பல்லின் வேர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. பிடிமானம் போவதால் பல் ஆடுகிறது. தானாக விழுந்த பல்லைத் திருப்பிப் பாருங்கள், வேர் அநேகமாக இருக்காது. குழந்தையிடம் இப்படிச் சொல்லலாம்: "உன் பல்லு உடையல கண்ணு. கீழ இருக்கிற புதுப் பல்லு, கொஞ்சம் இடம் விடுன்னு கேக்குது."

பெரும்பாலும் கீழ் முன்பற்கள் இரண்டும்தான் முதலில் விழும். ஆறு வயதை ஒட்டி ஆரம்பிக்கும். சிலருக்கு ஐந்து, சிலருக்கு ஏழு. கடைசிப் பால் பல் விழ 12 வயதுகூட ஆகும்.

"வலிக்குமா?" என்று கேட்டால், வலிக்கவே வலிக்காது என்று சத்தியம் செய்யாதீர்கள். லேசாக வலித்தாலும் அப்புறம் உங்களை நம்ப மாட்டார்கள். "கொஞ்சம் கூசும். துளி ரத்தம் வரும், சீக்கிரம் நின்னுடும்" என்பதே போதும். எச்சிலோடு கலப்பதால் ரத்தம் நிறைய வருவதுபோலத் தெரியும். சுத்தமான ஈரத்துணியை மடித்துக் கொடுத்து, சில நிமிடம் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நூல் கட்டிக் கதவில் இழுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். வேர் முழுதாகக் கரைந்திருக்காது, வலிக்கும். அடுத்த பல் ஆடும்போது குழந்தை உங்களிடம் சொல்லாமல் மறைக்கும். அதன் நாக்கே ஆட்டிக்கொள்ளட்டும். "நாக்கால தடவினா தெத்துப்பல் முளைக்கும்" என்று மிரட்டவும் வேண்டாம். பல் கோணலாக வருவதற்குப் பெரும்பாலும் தாடையில் இடம் போதாததுதான் காரணம்.

(காட்சி: பால் பல்லுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் புதுப் பல்)

சில குழந்தைகளுக்குப் பழைய பல் விழும் முன்பே, நாக்குப் பக்கமாகப் புதுப் பல் முளைத்துவிடும். பார்க்கப் பகீரென்று இருக்கும், ஆனால் அடிக்கடி நடப்பதுதான். பால் பல் நன்றாக ஆடினால் காத்திருக்கலாம். அசையாமல் நின்றால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். கீழே விழுந்து அடிபட்டு ஆடும் பல்லையும் உடனே காட்ட வேண்டும். இன்னொன்று: ஆறு வயது வாக்கில், எந்தப் பல்லும் விழாமலே பல் வரிசையின் கடைசியில் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். பால் பல்தானே என்று தேய்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

விழுந்த பல்லை என்ன செய்வது? நம் ஊரில் சாணியில் வைத்து உருட்டிக் கூரைமேல் எறிவார்கள். இலங்கையில், இதை எடுத்துக்கொண்டு புதுப் பல் கொடு என்று அணிலிடம் கேட்பார்கள். எனக்கு இந்த வழக்கங்கள் ரொம்பப் பிடிக்கும். பயந்துகொண்டிருந்த குழந்தைக்கு அந்த நேரத்தில் செய்ய ஒரு வேலை கிடைக்கிறது. அடுக்குமாடி வீடா? பூந்தொட்டியில் புதைக்கலாம்.

என் மகள் எதற்கும் சம்மதிக்கவில்லை. தீப்பெட்டியில் பஞ்சு வைத்து, அதற்குள் பல்லைப் படுக்க வைத்து, மேலே தன் பெயரை எழுதினாள். மறுநாள் அதை எடுத்துக்கொண்டு போய், எதிர் வீட்டுப் பையனுக்கு வேர் எப்படிக் கரைகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தாள்.