பரோல் ஆர்டரை முழுசாகப் படியுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். புழல் சிறைக்கு மனு பார்க்க, அதாவது உள்ளே இருப்பவரைச் சந்திக்க, போய்வருகிற குடும்பங்கள்தான் இங்கே அதிகம் என்றார்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சிறையிலிருந்து சில நாள் வெளியே வர விடுப்பு, அதுதான் பரோல். “பரோல் கிடைச்சிடுச்சு” என்றதும் வீட்டில் பாதிப் பேர் அழுகிறார்கள், மீதிப் பேர் சொந்தக்காரர்களுக்கு போன் போடுகிறார்கள். ஆர்டரை யாரும் படிப்பதில்லை. நிபந்தனையெல்லாம் அதில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இதற்கு 1982-ஆம் ஆண்டு தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் உண்டு. நெருங்கிய உறவில் சாவு, கடும் நோய், கல்யாணம் என்றால் அவசர விடுப்பு. மற்ற காரணங்களுக்குச் சாதாரண விடுப்பு. அதற்குப் பொதுவாக மூன்று வருடம் உள்ளே இருந்திருக்க வேண்டும்.

உள்ளே இருக்கிற ஒருவருடைய மகள் கல்யாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தம் காலை ஆறிலிருந்து ஏழரை. ஆர்டரிலோ ‘காலை 10 முதல் மாலை 5 வரை, வழிக்காவலுடன்’, அதாவது கூடவே போலீஸ் வரும். தாலி கட்டி, பந்தி முடிந்த பிறகு அப்பா வந்து நிற்பார்! மனுவில் தேதியை எழுதி, நேரத்தை எழுதாமல் விட்டால் இப்படியும் நடக்கும். பத்திரிகையை இணையுங்கள், முகூர்த்த நேரத்தையும் மண்டபத்து முகவரியையும் எழுதுங்கள்.

பரோல் மனு மேல் நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு விசாரிக்க வந்தால் பயந்து மழுப்பாதீர்கள். எங்கே தங்குவார், யார் பார்த்துக்கொள்வார், பக்கத்தில் பகை உண்டா என்று கேட்பார். நிபந்தனைகள் பெரும்பாலும் அவர் எழுதும் அறிக்கையிலிருந்துதான் பிறக்கின்றன. அம்பத்தூர் முகவரியைக் கொடுத்துவிட்டு ஆளைத் திருவள்ளூரில் தங்கவைத்தால், சிக்கல் அவருக்குத்தான்.

கேட்டதெல்லாம் கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் ஆயுள் தண்டனையில் இருந்த நளினி, 2019-இல் தன் மகள் கல்யாணத்துக்காக ஆறு மாதம் கேட்டார். சென்னை உயர் நீதிமன்றம் ஒரு மாதம் கொடுத்தது. அரசியல்வாதிகளைச் சந்திக்கக் கூடாது, பேட்டி கொடுக்கக் கூடாது என்றது. பிறகு மூன்று வாரம் நீட்டிப்பு கிடைத்தது.

நீட்டிப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. மனு போட்டாச்சே என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். புது ஆர்டர் கையில் வரும்வரை பழைய தேதிதான் தேதி. தவறினால் அடுத்த முறை கேட்பதே கஷ்டம், வழக்கும் வரலாம். அப்புறம், வெளியே இருக்கிற நாட்கள் தண்டனைக் கணக்கில் சேராது. விடுதலைத் தேதி அந்த அளவுக்குத் தள்ளிப்போகும்.

வக்கீல் வைக்க வசதியில்லையா? 15100-க்குக் கூப்பிடுங்கள், இலவச சட்ட உதவி உண்டு. சரி, ஆர்டர் கொண்டுவந்தவர்கள் முன்னால் வாருங்கள், உட்கார்ந்து வரிவரியாகப் பார்ப்போம்.