பத்தில் ஒரு விநாடி

அவைக்கு வணக்கம். முதல் உலகப் போர் என்றால் மன்னர்கள், தளபதிகள் என்று தொடங்குவதுதான் வழக்கம். நான் ஒரு ஓட்டப் பந்தயத்திலிருந்து தொடங்குகிறேன்.

1912 ஜூலை 10. ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக். 5,000 மீட்டர் ஓட்டம் ஒலிம்பிக்கில் அதுதான் முதல் தடவை. அந்தத் தூரத்தை 15 நிமிடத்துக்குள் ஓடியவர் அதுவரை யாரும் இல்லை. பின்லாந்தின் ஹான்னஸ் கோலெமைனனும் பிரான்சின் ழான் பூவானும் மற்றவர்களை வெகுதூரம் பின்னால் விட்டுவிட்டுத் தனியாக ஓடிக்கொண்டிருந்தார்கள். பூவான் மார்செய் நகரத்துக்காரர், வயது 23. கடைசிச் சுற்றில் கோலெமைனன் பக்கத்தில் வரும்போதெல்லாம் இவர் வேகத்தைக் கூட்டுவார். அவரால் தாண்ட முடியாது. எல்லைக்கோடு கண்ணுக்கெதிரே வந்த பிறகுதான் தாண்டினார்.

14 நிமிடம் 36.6 விநாடி. பூவானுக்கு 36.7. அவர்கள் ஓடிய சராசரி வேகத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சுமார் 57 சென்டிமீட்டர் வருகிறது. மைக் வைத்திருக்கிற இந்த மேசையின் அகலம்கூட இல்லை. அரை நிமிடம் கழித்து மூன்றாவதாக வந்தவர் ஜார்ஜ் ஹட்சன், பிரிட்டிஷ் சிப்பாய்.

பூவான் சோர்ந்து உட்காரவில்லை. மறு ஆண்டு ஜூலையில் அதே ஸ்டாக்ஹோமுக்குப் போய் ஒரு மணி நேரத்தில் 19,021 மீட்டர் ஓடி உலக சாதனை வைத்தார். அடுத்த ஒலிம்பிக் 1916-இல், பெர்லினில். அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் நினைத்திருந்தால் அதில் தப்பில்லை.

1914 ஆகஸ்டில் போர் வந்தது. செப்டம்பர் 14 அன்று ஹட்சன் பிரான்சில் கொல்லப்பட்டார், வயது 24. சரியாகப் பதினைந்து நாள் கழித்து, 29-ஆம் தேதி, மியூஸ் பகுதிப் போர்முனையில் பூவானும் போனார். வயது 25. அந்த மூன்று பதக்கக்காரர்களில் இரண்டு பேர் ஒரே மாதத்தில்! வீரமரணம் என்ற சொல்லை நான் எடுக்கப்போவதில்லை. பீரங்கிக் குண்டுக்கு முன்னால் 14 நிமிடமும் ஒன்றுதான், 40 நிமிடமும் ஒன்றுதான்.

பெர்லின் ஒலிம்பிக் நடக்கவே இல்லை. கோலெமைனன் 1920-இல் ஆன்ட்வெர்ப்பில் மாரத்தான் ஜெயித்தார், 1966 வரை வாழ்ந்தார். பாரிசில் ஒரு விளையாட்டரங்கத்துக்குப் பூவான் பெயர் இருக்கிறது. ஹட்சன் பெயரை இந்த அரங்கில் எத்தனை பேர் இன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறீர்கள்?

அப்புறம், அந்த ஒரு மணி நேர சாதனை. 1928 வரை அதை யாராலும் அசைக்க முடியவில்லை. அசைத்தவர் இன்னொரு பின்லாந்துக்காரர், பாவோ நூர்மி. 19,210 மீட்டர். பூவான் இறந்து 14 ஆண்டுக்குப் பிறகு, 189 மீட்டர் கூடுதல்.