பெஞ்சுக்குப் பின்னால் நிற்பவர்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மேடையை அலங்கரிக்கும் மருத்துவப் பெருமக்களே, முகாம் நிர்வாகப் பொறுப்பாளர்களே, எனக்கு முன்னால் பேசி அரங்கைத் தம் வசப்படுத்திய பேராசிரியர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் குறிப்பேடும் கையுமாக அமர்ந்திருக்கும் உதவியாளர்களே, அனைவருக்கும் வணக்கம். அகதிகளுக்கு மனநல உதவி செய்ய அகதிகளுக்குள்ளிருந்தே ஆள் எடுக்க வேண்டும் என்று தலைவர் தம் முன்னுரையில் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவருக்கு நன்றி.

நான்கு செய்திகள் பேச வந்தேன். யாரைத் தேர்ந்தெடுப்பது, எதைக் கற்பிப்பது, குழந்தைகளை எப்படி அணுகுவது, பயிற்சி முடிந்தபின் யார் துணை நிற்பது.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எல்லை தாண்டி வந்தவரின் வலி எல்லை தாண்டி வந்தவருக்குத்தான் தெரியும். ஆகவே பட்டம் பார்க்காதீர்கள்; குறுக்கே பேசாமல் பத்து நிமிடம் கேட்கிறாரா, கேட்டதை வெளியே சொல்லாமல் இருப்பாரா என்று பாருங்கள். கூடாரத்தின் சுவர் துணிதான். உள்ளே பேசியது வெளியே கசிந்தால், மறுநாள் ஒருவரும் வரமாட்டார்கள்.

இங்கே ஒரு வரலாற்றைச் சொல்லியாக வேண்டும். 2005இல் ஜிம்பாப்வே அரசு நகர்ப்புறக் குடியிருப்புகளை இடித்துத் தள்ளியது. ஏறத்தாழ 7 லட்சம் பேர் வீட்டையோ பிழைப்பையோ இழந்தார்கள் என்று ஐ.நா. கணக்கிட்டது. சொந்த நாட்டுக்குள்ளேயே அகதிகள்! அதே ஆண்டில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவரிடம் வந்துகொண்டிருந்த இளம்பெண் ஒருத்தி உயிரை மாய்த்துக்கொண்டாள். ஏன் மருத்துவமனைக்கு அழைத்து வரவில்லை என்று தாயிடம் கேட்டார் அவர். பேருந்துக் கட்டணம் 15 டாலர், கையில் இல்லை என்றாள் அந்தத் தாய். 15 டாலர், ஐயா! மக்கள் மருத்துவரைத் தேடி வருவதை விட்டு, உதவி மக்களைத் தேடிப் போக வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். ஆனால் தலைநகர் ஹராரேயின் ம்பாரே பகுதியில் செவிலியருக்கு நேரமில்லை, மருத்துவ நிலையத்தில் அறையில்லை. இருந்தவர்கள் 14 பாட்டிமார்கள். வருபவரின் துயரத்தைப் பாட்டி ஒருவர் அருகே உட்கார்ந்து கேட்பதற்காக, மரத்தடியில் ஒரு மரப்பெஞ்சு போட்டார்கள். முதலில் அதற்கு ‘மனநல பெஞ்சு’ என்று பெயர். அந்தப் பெயரில் எவரும் வந்து உட்காரமாட்டார்கள் என்று பாட்டிமார்கள் சொல்ல, ‘நட்பு பெஞ்சு’ ஆனது. மனச்சோர்வு என்ற மருத்துவச் சொல்லையும் ஒதுக்கி, ‘குஃபுங்கிசிசா’, அதாவது அளவுமீறி யோசிப்பது, என்று மக்கள் வாயில் இருந்த சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். 2016இல் 573 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு வெளியானது; பெஞ்சில் பேசியவர்களுக்கு ஆறு மாதத்தில் துயரம் தெளிவாகக் குறைந்திருந்தது.

எதைக் கற்பிப்பது? உலக சுகாதார நிறுவனத்தின் ‘பிராப்ளம் மேனேஜ்மென்ட் பிளஸ்’ என்ற, மருத்துவரல்லாதவரும் பயிற்சி பெற்று நடத்தக்கூடிய ஆலோசனை முறையில் வாரம் ஒன்றாக ஐந்து சந்திப்புகள், ஒவ்வொன்றும் 90 நிமிடம். முதலில் மூச்சுப் பயிற்சி. கை கால்களைத் தளர்த்தி, காற்றை முழுதாக வெளியே விட்டு, மூன்று எண்ணும்வரை உள்ளிழுத்து, மூன்று எண்ணும்வரை வெளியே விட வேண்டும். வயிறு எழும்ப வேண்டும். நெஞ்சு மட்டும் எழும்பினால், வேகமாக மூச்சு வாங்கித் தலை சுற்றும். அடுத்தது சிக்கலைக் கையாளுதல். தீர்க்கக்கூடியது, தீர்க்க முடியாதது, அவ்வளவு முக்கியமில்லாதது என்று பிரித்து, தீர்க்கக்கூடியதில் சின்னதாக ஒன்றை எடுக்க வேண்டும். இங்கேதான் புதியவர்கள் தவறுகிறார்கள்: அறிவுரை சொல்லிவிடுகிறார்கள். “இதே நிலையில் உங்கள் தோழி இருந்தால் என்ன சொல்வீர்கள்?” என்று கேளுங்கள், வழி அவரிடமிருந்தே வரும். விட்டுப்போன வேலையைச் சிறிது சிறிதாகத் தொடங்குவதும், நம்பிக்கையான உறவுகளைத் தேடிக்கொள்வதும் மீதிப் பாடங்கள்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. உண்டு, திட்டமும் உண்டு என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். மருந்தோ கயிறோ எட்டாதபடி அகற்றுங்கள். அந்தக் கணமே மேற்பார்வையாளரை அழையுங்கள். நடந்த கொடுமையை விவரி விவரி என்று ஒரே அமர்வில் தோண்டவே கூடாது. அதனால் பயனில்லை, சிலருக்குக் கேடாகவும் முடிகிறது.

குழந்தைகளைப் பற்றிப் பேச நேரம் போதாது. மேற்பார்வைக்கு வருகிறேன், நான் வந்ததே அதற்குத்தான். ஒருநாள் மனநல முதலுதவிப் பயிற்சி கொடுத்து, சான்றிதழையும் கையில் கொடுத்து, நாளை முதல் ஆலோசனை சொல் என்று அனுப்புவது அநியாயம்! மனநல முதலுதவி கற்பிப்பது பார், கேள், இணை என்ற மூன்றைத்தான். ஆலோசனைக்கு எட்டுப் பத்து நாள் வகுப்பு வேண்டும், பிறகு கண்காணிப்பில் பழகும் காலம் வேண்டும், அதன்பின் வாராவாரம் மேற்பார்வை வேண்டும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்றேன். அது அவருக்கும் வந்த காய்ச்சல் என்பதை மறக்கலாமா? எதிரே இருப்பவர் படகு கவிழ்ந்த கதையைச் சொல்லும்போது, உதவியாளருக்குத் தன் படகு கண்முன் வருகிறது. தூக்கம் கெடும், சந்திப்பைத் தள்ளிப்போடுவார், அல்லது தன் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவார். இதை வெளியே எடுத்துவைக்க அவருக்கு ஓர் இடம் வேண்டாமா? பெஞ்சில் உட்கார்ந்த பாட்டிக்குப் பின்னால் கைதூக்கினால் ஓடிவர ஒரு மேற்பார்வையாளர் இருந்தார்.

நிர்வாகப் பொறுப்பாளர்களே, உங்கள் தலைக்கும் இந்த வலி வரவேண்டும் என்று உரிமையோடு கேட்கிறேன். ஆறு உதவியாளருக்கு ஒரு மேற்பார்வையாளர். வாரம் இரண்டு மணி நேரம், சம்பளத்தோடு. வெளியிலிருந்து வருபவருக்கு ஊதியம், அதே வேலைக்கு அகதிக்கு வெறும் ஊக்கத்தொகை என்ற பிரிவினை வேண்டாம். இரவில் அழைக்க ஒரு தொலைபேசி எண். இவை நான்கும் அடுத்த ஆண்டுத் திட்டத்தில், பயிற்சிச் செலவுக்கு அடுத்த வரியிலேயே வர வேண்டும். தீர்மானத்தின் வரைவு தலைவர் மேசையில் இருக்கிறது.

நன்றி, வணக்கம்.