39 சீட்டு, 80 புளியங்கொட்டை: வில்லி பிரவுன் போட்ட கணக்கு

வணக்கம் மக்களே. போன வீடியோவுக்கு வந்த கமென்ட்ல பாதி ஒரே பாட்டுதான்: "கலிஃபோர்னியாவுல வில்லி பிரவுனுக்கு 39 சீட்டுதானே, அப்புறம் எப்படி சபாநாயகர்? காசு குடுத்துட்டாரா?" எரிச்சலா வருதுங்க. கணக்கு தெரியலைன்னா உடனே காசா? அதான் இன்னைக்கு டேபிள்ல 80 புளியங்கொட்டை.

அமெரிக்காவுல கலிஃபோர்னியா மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோ. அங்க இருக்கற அசெம்பிளியில 80 பேர். சபாநாயகர் ஆக 41 ஓட்டு வேணும். 1994 நவம்பர் தேர்தல்ல ரிபப்ளிகன் 41, டெமாக்ரட் 39. இந்தப் பக்கம் 41, அந்தப் பக்கம் 39, நல்லா எண்ணிக்கோங்க. சபாநாயகர் நாற்காலியில 14 வருஷம் உக்காந்திருந்த டெமாக்ரட் பிரவுன் எழுந்திருக்கணும், ரிபப்ளிகன் தலைவர் ஜிம் புருல்ட்டி உக்காரணும்.

டிசம்பர் 5, ஓட்டெடுப்பு. டயமண்ட் பார் பக்கத்து ரிபப்ளிகன் பால் ஹார்ச்சர், பிரவுனுக்குப் போட்டுட்டார். புருல்ட்டிக்கும் அவருக்கும் ஏற்கெனவே ஆகாது. கட்சியை விட்டுட்டு சுயேச்சை ஆயிட்டார். ஒரு கொட்டையை இப்படித் தள்ளினா 40–40. யாருக்கும் 41 இல்ல, சபை முட்டிக்கிட்டு நிக்குது.

எல்லாரும் ஹார்ச்சரோட கதையை முடிச்சுடுவாங்க. எனக்கு அதுல துளிகூட உடன்பாடில்ல. அசல் வேலையே ரிச்சர்ட் மவுன்ட்ஜாய் கிட்டதான். இந்த ரிபப்ளிகன் ஒரே சமயத்துல அசெம்பிளிக்கும் ஜெயிச்சார், மாநில மேல்சபையான செனட் இடைத்தேர்தல்லயும் ஜெயிச்சார். செனட்டுக்குப் போக வேண்டியவர், புருல்ட்டிக்கு ஓட்டுப் போடணும்னே அசெம்பிளியில உக்காந்திருந்தார். அங்க ஜெயிச்சவருக்கு இங்க என்ன வேலைன்னு டெமாக்ரட்டுங்க பிடிச்சுக்கிட்டாங்க. 1995 ஜனவரியில வெளியேத்தியாச்சு.

கேமராவைக் கிட்ட கொண்டு வரேன், கையைப் பாருங்க. இந்தக் கொட்டையை எதிர்ப்பக்கம் தள்ளல. டேபிளை விட்டே எடுக்கறேன். மிச்சம் 79. அதுல பாதிக்கு மேலன்னா 40. பிரவுன் கையில இருக்கறதே 40! புதுசா ஒரு ஓட்டுகூட வரல, தேவைப்பட்ட எண்ணே இறங்கி வந்துடுச்சு. 40–39, மறுபடியும் சபாநாயகர். இதை எத்தனை தடவை அடுக்கினாலும் எனக்கு அலுக்காது.

அய்யோ, ஒண்ணு விட்டுட்டேன். அந்த நாற்காலிக்கு ஏன் இவ்வளவு அடிதடி? அங்க சபாநாயகர்னா சபையை நடத்தறவர் மட்டும் இல்ல, ஆளுங்கட்சிக்கே தலைவர். எந்தக் கமிட்டிக்கு யார் தலைவர், யாருக்கு எந்த ஆபீஸ் ரூம், எத்தனை ஊழியர், எல்லாம் அவர் கையில. இன்னொண்ணு, 1980ல அவரை முதல்ல அங்க உக்கார வெச்சதே ரிபப்ளிகன்தான்! டெமாக்ரட் 23, ரிபப்ளிகன் 28, ஆக 51 ஓட்டு. தானே ஏத்திவிட்டவரை இறக்க முடியாம 14 வருஷம் திண்டாடினாங்க.

சரி, ஹார்ச்சருக்கு வரேன். கட்சித் தாவல் தடைச் சட்டம்லாம் அங்க கிடையாது, மாத்திப் போட்டா பதவி போகாது. ஆனா தொகுதி வாக்காளர்களே ஓட்டுப் போட்டு அவரைத் திரும்ப அழைக்கலாம், அதாவது பதவியைப் பறிக்கலாம். முந்தின தேர்தல்ல அந்தப் பதவிக்கு விழுந்த ஓட்டுல 20 சதவீதம் அளவுக்குக் கையெழுத்து சேரணும், அப்புறம் தனித் தேர்தல். 1995 மே மாசம் ஹார்ச்சர் காலி. 1914க்கு அப்புறம் அந்த மாநிலத்துல இப்படிப் பதவி போன முதல் எம்.எல்.ஏ. அவர்தான்.

இனி நாற்காலி நிக்காதுன்னு பிரவுனுக்குப் புரிஞ்சுது. ஆனா புருல்ட்டிக்கு விட்டுக் குடுக்க மனசு வரல. ஜூன்ல ஆரஞ்சு கவுண்டி ரிபப்ளிகன் டோரிஸ் ஆலனை நிறுத்தினார். 39 டெமாக்ரட், ப்ளஸ் அந்தம்மா தனக்கே போட்டுக்கிட்ட ஒண்ணு. 39+1, அவ்வளவுதான்! சொந்தக் கட்சி சும்மா விடுமா? செப்டம்பர்ல அந்தம்மா சபாநாயகர் பதவியை ராஜினாமா பண்ணினாங்க, நவம்பர்ல எம்.எல்.ஏ. பதவியிலிருந்தும் திரும்ப அழைச்சுட்டாங்க. அவங்க விட்ட நாற்காலிக்கு ஃபிரெஸ்னோ ரிபப்ளிகன் பிரையன் செட்டன்சிச் வந்தார், அதுவும் டெமாக்ரட் ஓட்டுலதான்.

1990ல வாக்காளர்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த 140ஆம் முன்மொழிவுங்கற சட்டப்படி, அப்போ அசெம்பிளியில ஒருத்தர் மூணு தவணை, அதாவது ஆறு வருஷம்தான் இருக்க முடிஞ்சுது. எப்படியும் 1996ல பிரவுன் கிளம்பியாகணும். அதுக்குள்ளயே சான் ஃபிரான்சிஸ்கோ மேயர் தேர்தல்ல நின்னு ஜெயிச்சு, 1996 ஜனவரியில பதவியேத்துட்டார். ரிபப்ளிகன் ஓட்டுலயே வந்த ரிபப்ளிகன் சபாநாயகர் கர்ட் பிரிங்கிள் உக்காந்ததும் அதே மாசம்தான். 41 சீட்டு ஜெயிச்சு 14 மாசம் கழிச்சு!

ஒரு கொட்டை டேபிளுக்கு அடியில உருண்டுடுச்சு, அதைத் தேடி எடுக்கணும். வரேன்.