ரிப்பன் மாளிகையின் சுண்ணாம்பு

எல்லாருக்கும் வணக்கம். பாரம்பரியக் கட்டடம் என்று நோட்டீசில் போட்டிருப்பதைப் பார்த்து, கோயிலையோ கோட்டையையோ பற்றிப் பேசுவேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். நான் பேசப்போவது ஒரு ஆபீசைப் பற்றி. சென்ட்ரலில் இறங்கி வெளியே வந்தால் வெள்ளைவெளேர் என்று நிற்குமே, அந்த ரிப்பன் மாளிகை, சென்னை மாநகராட்சி அலுவலகம்.

வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். 1909 டிசம்பரில் வைஸ்ராய் மின்டோ அடிக்கல் நாட்டினார். 1913 நவம்பரில் அடுத்த வைஸ்ராய் ஹார்டிங் திறந்துவைத்தார். வடிவமைத்தவர் ஜி.எஸ்.டி. ஹாரிஸ், கட்டியவர் லோகநாத முதலியார், செலவு ஏழரை லட்சம் ரூபாய். மாளிகைக்குப் பெயர் தந்த முன்னாள் வைஸ்ராய் ரிப்பன் பிரபு இந்தியாவை விட்டுப் போய், அடிக்கல் நாட்டும்போதே இருபத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. அடிக்கல் நாட்டிய அதே 1909-இல்தான் அவர் இறந்தும் போனார். பதவியில் இருக்கிறவர் பெயரை வைத்துக் காக்கா பிடிக்கிற வழக்கம் அன்றும் உண்டு, ஆனால் இது அந்த வகை இல்லை. 1882-இல் உள்ளாட்சிக்கு வழிவிட்ட மனிதர் என்பதால் வைத்த பெயர்.

அக்கம்பக்கத்தைப் பாருங்கள். சென்ட்ரல் சிவப்பு, விக்டோரியா பப்ளிக் ஹால் சிவப்பு, 1985-இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டும் சிவப்பு. நடுவில் இது மட்டும் வெள்ளை. ஐரோப்பியத் தூண்கள், வளைவு வளைவாக வராந்தா, நடுவில் 130 அடிக்கு மேல் கோபுரம், அதில் எட்டடி குறுக்களவுள்ள கடிகாரம். எனக்குத் தனிப்பட்ட முறையில் பக்கத்து ஹாலின் சிவப்புச் செங்கல்தான் பிடிக்கும், அதை ஒளிப்பானேன். ஆனால் ரிப்பன் மாளிகையின் தோற்றம்தான் சீமையிலிருந்து வந்தது, உடம்பு நம்மூர்தான்.

அதாவது செங்கல், சுண்ணாம்புச் சாந்து, மேலே சுண்ணாம்புப் பூச்சு, கூரையைத் தாங்கத் தேக்கு உத்தரங்கள். சுண்ணாம்பைச் சுட்டு, நீரில் ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீர் சேர்த்துப் பூசுகிற வேலை நம் கொத்தனார்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த ஒன்று. இந்தப் பூச்சு ஈரத்தை உள்ளே வாங்கும், வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். ஐப்பசி கார்த்திகை மழையில் ஊறி, சித்திரை வெயிலில் காய்கிற ஊருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இப்படிப்பட்ட சுவரில் எங்கேயாவது பெயர்ந்துவிட்டது என்று, அவசரத்துக்கு ஒரு மூட்டை சிமெண்டை வாங்கி ஒட்டுப்போட்டால் என்ன ஆகும்? சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. தண்ணீர் பின்னாலேயே தங்கும், உப்புப் பூக்கும், செங்கல் பொடிப்பொடியாக உதிரும், கடைசியில் ஒட்டுப்போட்ட இடம் மட்டும் கல் மாதிரி நிற்க, சுற்றியுள்ள நல்ல சுவர் கொட்டிப்போகும். பழைய கட்டடங்கள் பலவற்றுக்கு எமன் மழை இல்லை, இந்தச் சிமெண்ட்தான். ரிப்பன் மாளிகையைச் சமீபத்தில் புதுப்பித்தபோது மறுபடியும் சுண்ணாம்புக்கே போனார்கள், அந்த வகையில் நிம்மதி.

சரி, ஆபீசுக்கு எதற்கு இவ்வளவு பெருமை என்று கேட்கலாம். 1920 செப்டம்பரில் மாநகராட்சிக் கவுன்சில் ஒரு தீர்மானம் போட்டது: ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி, தலைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மிகாமல். தலைவராக இருந்தவர் பிட்டி தியாகராயர். பின்னாளில் தமிழ்நாடு முழுக்க வந்த மதிய உணவுக்கு முன்னோடி அந்த ஒரு அணாதான். கடிகாரத்தையும் தூணையும் போட்டோ எடுக்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வாசலில் ஒரு பலகையாவது வைக்கலாம்.

அப்புறம், பின்னால் அம்மா மாளிகை எழும்பி ஆபீஸ் பாதி அங்கே நகர்ந்துவிட்டதே, பழையதை அருங்காட்சியகமாக்கிவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பேன். ஆள் புழங்குகிற கட்டடத்தில்தான் ஒழுகல் உடனே கண்ணில் படும். மாநகராட்சி செய்யவேண்டியது ஒன்றுதான்: சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் நாலு பேரை நிரந்தரச் சம்பளத்தில் வைத்துக்கொண்டு, அவர்களிடம் இளைஞர்களைப் பழக்கிவிடுவது, பத்து வருஷத்துக்கு ஒருமுறை கோடிக்கணக்கில் டெண்டர் விடுவதைவிட இது மலிவாகத்தான் முடியும்.