ஒரு தடவை இறக்கினால் போதும்

நேயர்களுக்கு வணக்கம். டியூஷன் சென்டரோ, சின்ன அலுவலகமோ, நாலைந்து கம்ப்யூட்டர் இருக்கிற இடம் எதுவானாலும், அப்டேட்டை ஒரு தடவை மட்டும் இறக்கி எல்லாவற்றுக்கும் கொடுப்பது எப்படி என்கிற இந்தப் பேச்சு உதவும்.

நான் ஒரு பள்ளிக்கூடத்தின் கம்ப்யூட்டர் அறையைப் பல வருஷம் பார்த்துக்கொண்டவன். 12 கம்ப்யூட்டர், எல்லாவற்றிலும் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்கிற இயங்குதளம். நெட்டுக்கு ஒரு டாங்கிள், நாளைக்கு ஒன்றரை ஜிபி. கோடை விடுமுறை முடிந்து திறந்த அன்று, பிள்ளைகள் வருவதற்குள் அப்டேட் போட்டுவிடலாம் என்று பன்னிரண்டையும் ஒன்றாக முடுக்கிவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் சுமார் 300 எம்பி. பெருக்கிப் பாருங்கள், மூன்றரை ஜிபிக்கு மேல் வரும். பத்து மணிக்கெல்லாம் டேட்டா காலி. ஒரு மெஷின்கூட முடிக்கவில்லை. அந்த நேரம் பார்த்துத் தலைமை ஆசிரியர் ஏதோ மெயில் அனுப்ப வந்து நிற்கிறார். விஷயத்தைச் சொன்னேன். "பன்னிரண்டுக்கும் ஒரே சாமான்தானே? ஒரு காப்பி வாங்கி ஜெராக்ஸ் எடுக்கக் கூடாதா?" என்றார். கோபத்தில் கேட்டதுதான். ஆனால் எனக்கு அதற்குப் பதில் இல்லை.

முதலில் பென் டிரைவ். உபுண்டுவில் அப்டேட்டை இறக்கிப் போடுகிற கருவி ஆப்ட்-கெட். அது இறக்கியதையெல்லாம் ஒரு ஃபோல்டரில் சேர்த்து வைத்திருக்கும். அதை எடுத்துக்கொண்டு மெஷின் மெஷினாக அலைந்தேன். இரண்டு மாதத்தில் எதற்குப் போட்டேன், எதை விட்டேன் என்றே தெரியவில்லை.

அப்புறம்தான் ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்கிற மென்பொருள் கிடைத்தது. மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் அதை நிறுவினேன். மற்றவற்றின் செட்டிங்ஸில் ஒரே ஒரு வரி: இனி வெளியே போகாதே, மூலைக்காரனிடம் கேள். முதல் மெஷின் கேட்கும்போது அது நெட்டிலிருந்து இறக்கி, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளும். அடுத்த பதினொன்றுக்கும் அந்தப் பிரதிதான், உள்ளூர் கேபிள் வழியாக. மறுபடி சொல்கிறேன், வெளியிலிருந்து வருவது ஒரு தடவைதான். மூன்றரை ஜிபி 300 எம்பி ஆகிவிட்டது.

நடுவில் ஒருவர் கை வைத்தால் ஆபத்தில்லையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உபுண்டுவில் மென்பொருள்கள் பேக்கேஜ் என்கிற பொட்டலங்களாக வரும், அவற்றின் பட்டியலுக்கு டிஜிட்டல் கையெழுத்து உண்டு. ஒவ்வொரு பேக்கேஜின் கைரேகை மாதிரி ஓர் எண் அதில் இருக்கும். எங்கிருந்து வந்தாலும் கம்ப்யூட்டர் அதைச் சரிபார்க்கும், ஒத்துப்போகாவிட்டால் ஏற்காது. இதனால்தான், இணையத்தில் தகவல் போகிற வழிகளில் பூட்டில்லாத சாதாரண எச்டிடிபியிலேயே அவற்றை அனுப்புகிறார்கள். பூட்டு இல்லாததால்தான் நம் மூலைக்காரனாலும் பிரதி எடுக்க முடிகிறது. எச்டிடிபிஎஸ் என்கிற பூட்டிய வழியாக வருகிற சில வெளி மென்பொருள்களுக்கு இந்த வித்தை பலிக்காது.

ஒரு எச்சரிக்கை. அந்த மூலைக் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் கூட்ட வந்த அம்மா, வீணாக ஓடுகிறதே என்று பாவம், சுவிட்சை அணைத்துவிட்டார். அன்றைக்கு ஒன்றிலும் அப்டேட் ஓடவில்லை. நான் டாங்கிளைக் கழற்றி, மாட்டி, ஊதி... அரைநாள் போனது. அதற்கப்புறம் சுவிட்சின் மேல் "தொடாதீர்" என்று ஒட்டினேன்.

விண்டோஸ்காரர்களுக்காக நிறைய எழுதி வைத்திருந்தேன், நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். சுருக்கமாக: விண்டோஸ் 10 முதல் 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' என்று ஒன்று உள்ளேயே இருக்கிறது, ஒரு கம்ப்யூட்டர் இறக்கியதை மற்றவை அதனிடமிருந்தே வாங்கிக்கொள்ளும். அப்டேட் செட்டிங்ஸில் தேடி, உங்கள் லோக்கல் நெட்வொர்க்கில் உள்ள கம்ப்யூட்டர்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். இன்டர்நெட்டில் உள்ளவையும் என்பதைத் தொடாதீர்கள், உங்கள் டேட்டாவில் ஊராருக்கு அப்டேட் போய்விடும். மெஷின்களை ஒவ்வொன்றாகத் தொடங்குங்கள், எல்லாவற்றையும் ஒன்றாக அல்ல. வணக்கம்.