தாம்பரம் தடத்தில் நேரும் நிரையும்

நேயர்களுக்கு வணக்கம். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிக் கடற்கரை வரை போகிறவர்கள் நிலையப் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கிண்டி, மாம்பலம், எழும்பூர், கடற்கரை. செய்யுளில் சொல்லைப் பிரித்து ஒலிக்கும் துண்டுதான் அசை; அது நேர், நிரை என இரு வகை. இரண்டு அசை சேர்ந்த ஈரசைச் சீருக்கு யாப்பிலக்கணம் தரும் நான்கு வாய்பாடும், அதாவது மாதிரிச் சொற்களும், அந்தத் தடத்திலேயே கிடைத்துவிடும். கிண்டி தேமா (நேர் நேர்), மாம்பலம் கூவிளம் (நேர் நிரை), எழும்பூர் புளிமா (நிரை நேர்), கடற்கரை கருவிளம் (நிரை நிரை).

பள்ளியில் இதை மனப்பாடம் செய்கிறோம். தேர்வு முடிந்ததும் மறந்துபோகிறது. காதால் படிக்க வேண்டிய பாடத்தைக் கரும்பலகையோடு நிறுத்திவிடுகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

கிண்டியில் ‘கிண்’ தனியாக நின்று நேரசை ஆகிறது. எழும்பூரில் ‘எ’ அப்படி நிற்கவில்லை. ‘ழும்’ என்பதையும் சேர்த்துக்கொண்டு நிரையசை ஆகிறது. இரண்டிலும் குறில்தானே? வித்தியாசம் அந்த ‘ண்’. அலகிடும்போது, அதாவது அசை பிரிக்கும்போது, ஒற்று எனப்படும் மெய்யெழுத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பார் ஆசிரியர். சரிதான். ஆனால் குறில் தனித்து நிற்குமா, அடுத்ததோடு சேருமா என்று முடிவு செய்வதே அந்த ஒற்றுதான்.

படம், பாடம், பட்டம். மெதுவாகச் சொல்லுங்கள். ‘படம்’ ஒரே நிரையசை. உயிரை நீட்டினால் பா-டம், இரண்டு நேரசை. நீட்டாமல் ஒற்றை வைத்து அடைத்தால் பட்-டம், அதுவும் இரண்டு நேரசை. ஒலிக்கும் கால அளவான மாத்திரை ‘பா’வுக்கு இரண்டு, ‘பட்’ என்பதற்கு ஒன்றரை. அரை மாத்திரை குறைந்தாலும் செய்யுளில் இரண்டும் சமம். மொழியியலார் இதை அசையின் எடை என்பார்கள். வடமொழி யாப்பின் குரு (கனமானது), லகு (இலேசானது) என்ற பிரிவும், பழைய இலத்தீன் கவிதையின் நடையும் இந்த எடையை நம்பித்தான் இருக்கின்றன.

அப்புறம், தமிழ் தன் வழியில் போகும் இடம் ஒன்று உண்டு. கிண்டியின் கடைசி ‘டி’ வெறும் குறில். எடைக் கணக்குப்படி அது இலேசானது. ஆனால் சேர்ந்துகொள்ள அடுத்த எழுத்து இல்லாததால் தனியே நேரசை ஆகிவிடுகிறது. மாம்பலத்தின் ‘மாம்’ பெறும் அதே மதிப்பு! குறிலின் எடையோடு, அது நிற்கும் இடத்தையும் நம் யாப்பு பார்க்கிறது.

அதே தடத்தில் வரும் சேத்துப்பட்டின் ‘டு’ இன்னும் மெல்லியது. அரை மாத்திரையே ஒலிக்கும் குற்றியலுகரம். நேரசையை அடுத்து இப்படி உகரம் வந்தால் இரண்டையும் சேர்த்து ‘நேர்பு’ என்று தனி அசையாகவே வைத்தார் தொல்காப்பியர். பின்வந்த யாப்பு நூல்கள் அதை நேர், நேர் என்று பிரித்துவிட்டன. எனக்கென்னவோ தொல்காப்பியரின் காதுதான் நுட்பமானதாகத் தோன்றுகிறது. நன்றி, வணக்கம்.